கனவும் கணையாழியும்: கம்பர் காட்டும் தேறுதல் நெறி

துன்பம் நேர்ந்த வீட்டிற்குச் சென்று திரும்பும் முதியோர், "சுந்தர காண்டம் படித்து வாருங்கள்" என்று சொல்லி விடைபெறுவது தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். மலையாள நாட்டிலோ, மழை அடைத்துப் பெய்து வேலையும் விளைவும் குன்றும் கர்க்கடக மாதம் முழுவதும் எழுத்தச்சனின் அத்தியாத்ம இராமாயணம் கிளிப்பாட்டை விளக்கேற்றி வைத்து ஓதுவர். பழவங்காடியில் வாழும் தமிழர்களாகிய நாம் இவ்விரு வழக்கங்களுக்கும் உரியவர்கள். ஆடி மாதத்து மாலைகளில் ஒரு வீட்டில் கம்பனும், சுவருக்கு அப்பால் மறுவீட்டில் எழுத்தச்சனும் ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர் நம்முள் பலர். கணபதி திருமுன் நாள்தோறும் உடைபடும் தேங்காய்கள் எத்தனையோ மனிதர்களின் கவலைகளுக்கு அடையாளம் என்பதையும் நாம் அறிவோம்.

கம்பனுக்கும் நம் கோட்டைக்கும் மற்றோர் உறவும் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே எழுந்தருளும் சரசுவதி, கம்பர் வழிபட்டுச் சேர மன்னனிடம் ஒப்படைத்த திருமேனி என்பது ஐதீகம். 1956ஆம் ஆண்டில் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்த பின்னரும், மாநில எல்லையைக் கடந்து அத்திருவுலா இன்றும் வருகிறது. கரமனை வழியாகக் கிழக்கேகோட்டை சேர்ந்து, நவராத்திரி மண்டபத்தில் வைத்துப் பூசை கொள்ளும் அத்தேவியின் நிழலில் நின்று, கம்பனின் ஒரு பகுதியைச் சற்றே ஆராய்தல் பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

பாராயணத்தின் பயன் பற்றி வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது அவரவர் நம்பிக்கை. இலக்கியம் என்ற அளவில், மனம் முற்றும் உடைந்த ஒருவரைத் தேற்றுவது எப்படி என்று சுந்தர காண்டம் நமக்குக் கற்பிக்கிறதா என்பதே என் வினா. கற்பிக்கிறது என்பதே என் துணிபு. தேறுதல் என்பது மேலிருந்து ஒருவர் ஊற்ற, கீழிருந்து ஒருவர் பருகும் மருந்தன்று. துயருற்றவர் தாமே ஆராய்ந்து ஏற்கத்தக்க சான்று ஒன்றும், தாமே பிறருக்குக் கொடுக்கத்தக்க பொருள் ஒன்றும் அவருக்கு வேண்டும். கம்பர் இவ்விரண்டையும் மறவாமல் வைத்திருக்கிறார்.

மூன்று அச்சங்கள்

அசோகவனத்துச் சீதையின் துயரை ஒரே இருளாகக் காண்பது நம் வழக்கம். கம்பர் அதனைப் பகுத்துக் காட்டுகிறார். இராமன் வருவானா, தான் இருக்குமிடமேனும் அவனுக்குத் தெரியுமா என்பது முதல் அச்சம். மாயமான் போன நாளில் இளையவனைச் சுடுசொல் கூறி அனுப்பிய தன்னை அவ்விருவரும் வெறுத்து விட்டனரோ என்பது இரண்டாவது. இது குற்றவுணர்வு. மாற்றான் இடத்தில் இருந்துவிட்ட தன்னை, உயிரோடு மீண்டாலும் உலகம் ஏற்குமா என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதி அச்சமே அவளைச் சாவை நோக்கித் தள்ளுகிறது என்பதைக் கற்போர் கவனித்தல் வேண்டும்.

உளம் உடைந்தவர் எவரிடத்தும் இம்மூன்றும் இருக்கக் காணலாம். உதவி வராது என்னும் எண்ணம். இதற்கெல்லாம் தாமே காரணம் என்னும் எண்ணம். இனி யார் முகத்தில் விழிப்பது என்னும் எண்ணம். தேர்வில் தோற்ற மாணவனும், கடனில் மூழ்கிய வணிகனும், வேலையிழந்த தந்தையும் இம்மூன்று படிகளிலேதான் இறங்குகின்றனர். "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்னும் நம் அன்றாட ஆறுதல் இவற்றுள் எந்தப் படியையும் தொடுவதில்லை.

திரிசடையின் கனவு

சீதைக்கு முதலில் தேறுதல் கூறியவள் பகைவர் குலத்துப் பெண். வீடணன் மகளாகிய திரிசடை. தன் இடக்கண்ணும் புருவமும் துடிப்பதைச் சீதை அவளிடம் கூறி, இதன் பொருள் யாதென வினவுகிறாள். நன்னிமித்தமே என்று கூறிய திரிசடை, தான் கண்ட கனவையும் சொல்லத் தொடங்குகிறாள். அதற்கு முன் அவள் கூறும் காரணம் மிக நுட்பமானது. நீ உறங்குவதில்லை, ஆகையால் உனக்குக் கனவும் இல்லை, நான் கண்டதைக் கேள் என்கிறாள்.

இதன் ஆழத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துயருற்றவரால் நல்லதைக் கற்பனை செய்யவும் இயலாது. அவருக்காக வேறொருவர் கனவு காண வேண்டியிருக்கிறது. இராவணன் எண்ணெய் பூசிச் செவ்வாடையுடன் தென்றிசை செல்லக் கண்டதையும் பிறவற்றையும் கூறிவந்த திரிசடை, அவ்வேளையில் நீ என்னை எழுப்பிவிட்டாய் என்று முடிக்கிறாள். உடனே சீதை அவளைத் தாயாகக் கருதித் தொழுது, மீண்டும் உறங்கி அதன் எஞ்சிய பகுதியையும் கண்டு சொல்லுமாறு வேண்டுகிறாள். பிறர் கனவின் மிச்சத்தை இரந்து கேட்கும் பெண்! அவலத்தின் எல்லையை இதனினும் மென்மையாகக் காட்டிய இடம் தமிழில் அரிது.

எனினும், கனவு போதவில்லை. அடுத்து இராவணன் வருகிறான், இரக்கிறான், சினக்கிறான், அச்சுறுத்திப் போகிறான். கனவில் பிறந்த நம்பிக்கை நனவின் ஓர் இரைச்சலில் கலைந்துவிடுகிறது. திரிசடையின் அன்பு மெய். ஆனால் அவளிடம் சான்று இல்லை. அன்பு மட்டுமே உடையவர் ஆற்றும் உதவிக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கம்பர் இந்நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தே உணர்த்திவிடுகிறார்.

சான்றோடு வந்தவன்

அரக்கியர் உறங்குகின்றனர். சீதை உயிர்விடத் துணிந்து மாதவிப் புதர் ஒன்றை அடைகிறாள். அக்கணத்தில் அனுமன் தோன்றுகிறான். இங்கே வான்மீகியோடு ஒப்பிடுவது பயன் தரும். வான்மீகியின் அனுமன் மரத்தில் மறைந்திருந்து, எம்மொழியில் பேசினால் இவள் அஞ்சமாட்டாள் என்று நெடிது ஆராய்கிறான். பின்னர் மரத்திலிருந்தபடியே இராமன் கதையை இனிமையாகச் சொல்லத் தொடங்குகிறான். அச்சமுற்றவரிடம் மொழியைத் தேர்ந்து பேச வேண்டும் என்பது அங்கே கிடைக்கும் பாடம். கம்பரின் அனுமனுக்கு அத்தனை பொழுது இல்லை. கைகூப்பியவனாக எதிரே வந்து, இராமன் ஏவலால் வந்தேன் என்கிறான். சாவின் விளிம்பில் நிற்பவரிடம் முதலில் சொல்லத்தக்கது அறிவுரை அன்று. உன்னைத் தேடுகிறார்கள் என்னும் செய்தியே என்பது கம்பர் கருத்துப் போலும்.

சீதை அவனை உடனே நம்பவில்லை. இவன் அரக்கனோ, தேவனோ, குரங்கினத்தவனோ என்று ஐயுறுகிறாள். எவனாயினும் ஆகுக, என் தலைவன் பெயரைச் சொல்லி உயிர் தந்தான் என்று தேறி, நீ யார் என வினவுகிறாள். அவன் தன் வரலாறு கூறுகிறான். அதன் பின்னும், இராமன் திருமேனி எத்தகையது, சொல் என்று கேட்கிறாள். அனுமன் அதற்குச் சினந்தானா? "உன்னைக் காக்க வந்தவனையே ஐயுறுகிறாயா" என்று வருந்தினானா? இல்லை. அடி முதலாக ஒவ்வோர் உறுப்பாக வருணித்து விடை கூறுகிறான். அரண்மனையை விட்டுப் புறப்பட்ட நாளில் நகரின் வாயிலைக் கடக்கும் முன்னரே காடு எங்கே என்று அவள் கேட்டது போன்ற, அவ்விருவர் மட்டுமே அறிந்த செய்திகளை அடையாளமாகச் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் பின்னரே கணையாழியைக் காட்டுகிறான்.

கோப்புகளோடு காலம் கழிக்கும் என்னைப் போன்றோர்க்கு இம்முறை வியப்பளிக்காது. அலுவலகத்திற்கு வரும் எந்த மடலுக்கும் அனுப்புநர் யார், அடையாளச் சான்று எங்கே, இணைப்பு உண்டா என்று பார்த்த பின்னரே மேல்நடவடிக்கை. நம்பிக்கையின்மையை நாம் குறையாகக் கருதுகிறோம். துன்பத்தால் பலமுறை ஏமாந்த உள்ளத்திற்கு அதுவே காவல். அக்காவலை மதித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையோடு விடை கூறியதனாலன்றோ அனுமன் சொல்லின் செல்வன் ஆனான்!

கணையாழியைப் பெற்ற சீதைக்குக் கம்பர் அடுக்கும் உவமைகளையும் நோக்குக. இழந்த மணியை மீளப் பெற்ற பாம்பு, பண்டைச் செல்வத்தை மீண்டும் அடைந்தவர், மகவு ஈன்ற மலடி, விழி பெற்ற குருடர். நான்கும் இழப்பையோ இன்மையையோ அடியாகக் கொண்டவை. துன்பமே அறியாதவர் மகிழ்ச்சிக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது.

கொடுத்தவளும் அவளே

இனிச் சூடாமணிப் படலத்திற்கு வருவோம். உன்னைத் தோளில் சுமந்து இப்போதே கொண்டுபோய் இராமன் அடி சேர்ப்பேன் என்கிறான் அனுமன். சீதை மறுக்கிறாள். தன் சொல்லாலேயே உலகங்களைச் சுட்டெரிக்க இயலும் என்றும், அது இராமன் வில்லாற்றலுக்கு மாசு ஆகுமென்றே பொறுத்திருப்பதாகவும் கூறுகிறாள். சற்று முன்னர்க் கொடியில் உயிர்விட நின்றவள் பேசும் பேச்சா இது! தேறுதல் பலித்தது என்பதற்கு அவள் சிரித்ததோ நன்றி கூறியதோ அடையாளமாகாது. தன் மதிப்பை மீட்டுக்கொண்டு, காக்க வந்தவனையே மறுத்துப் பேசும் வலிமை பெற்றாளே, அதுவே அடையாளம். நாம் உதவச் செல்லும்போது, நம் உதவியை ஒருவர் மறுத்தால் மனம் சுருங்குகிறோம். அனுமன் அவள் மறுப்பை மதித்துப் போற்றினான்.

ஆயினும் துயரம் ஒரே மருந்தில் தீர்வதில்லை. சீதை மீண்டும் தளர்கிறாள். இன்னும் ஒரு திங்களே உயிரோடிருப்பேன். அதற்குள் வாராவிடின் கங்கைக் கரையில் எனக்கு நீர்க்கடன் செய்துவிடச் சொல் என்கிறாள். இப்போது அனுமன் கையாளும் முறை வேறு. நீ இங்கே மடிவாயாம், அவன் உயிர் சுமந்து ஊர் திரும்பி முடிசூடிக்கொள்வானாம், நன்றாயிருக்கிறது என்னும் கருத்துப்பட, அன்பும் நகையும் கலந்து இடித்துரைக்கிறான். உன் உயிர் உன்னுடையது மட்டுமன்று, அதனோடு இன்னோருயிர் பிணைந்திருக்கிறது என்பதே அந்நகைக்குள் இருக்கும் பொருள்.

அதன் பின்னரே அவள் ஆடையில் முடிந்து வைத்திருந்த சூடாமணியை எடுத்துக் கொடுக்கிறாள். தன் கிளிக்கு யார் பெயரை இடுவது என்று தான் கேட்டதற்கு, என் தாய் கைகேயியின் பெயரை இடுக என்று இராமன் கூறிய பழங்கதை போன்றவற்றையும் அடையாளமாகச் சொல்லி அனுப்புகிறாள். ஆழி வந்தது, மணி சென்றது. பெறுபவளாக மட்டும் இருந்தவள் கொடுப்பவள் ஆனாள். கடலுக்கு அப்பால் துயருற்றிருக்கும் மற்றொருவனுக்குத் தேறுதல் அனுப்பும் பொறுப்பு அவளிடம் வந்துவிட்டது. அனுமனுக்கு என்றும் வாழும் வரத்தை வழங்கியவளும் அவளேயன்றோ!

எனக்குத் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவர் தம் ஒரே மகனை இழந்தார். ஆறுதல் கூறியோர் பலர். ஓராண்டிற்குப் பின் அவர் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் எனக்கு எதையோ கொடுக்க வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தாம் என்னிடம் கேட்க வந்தார், தம் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தர முடியுமா என்று. அன்று மாலைதான் மாதக்கணக்கிற்குப் பின் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்." சூடாமணிப் படலத்தின் உட்பொருளை எனக்கு விளக்கிய உரையாசிரியர் அவரே என்பேன்.

தேற்றுவோனைத் தேற்றியவர்

அனுமன் மட்டும் பிறவியிலேயே தளராதவனா என்று கேட்கலாம். தளர்ந்தவனே. தவணை கடந்தும் சீதையைக் காணாத வானர வீரர்கள் தென்கடற்கரையில் உயிர்விடத் துணிந்தபோது அவனும் அக்கூட்டத்தில் இருந்தான். சிறகு கருகிய சம்பாதி, தன் தம்பி சடாயு மாண்ட செய்தியைக் கேட்டு அழுதுகொண்டே, சீதை இலங்கையில் இருப்பதை அவர்களுக்கு உரைக்கிறான். இராம நாமம் கேட்டு அவனுக்குச் சிறகு மீண்டும் முளைக்கிறது. கடலைக் கண்டு மலைத்த நிலையில், அனுமனின் ஆற்றலை அவனுக்கே நினைவூட்டுபவன் முதியவனாகிய சாம்பவன். இலங்கைக்குள் நுழைந்த பின்னும், எங்கும் சீதையைக் காணாது, இறந்தாளோ என்று அஞ்சித் தானும் மடிய எண்ணுமளவு அவன் சோர்வதைக் கம்பர் மறைக்கவில்லை.

சம்பாதியிடமிருந்து வானரர்க்கு, சாம்பவனிடமிருந்து அனுமனுக்கு, அனுமனிடமிருந்து சீதைக்கு, சீதையிடமிருந்து இராமனுக்கு. ஊக்கம் இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செல்கிறது. இவர்களுள் துயரம் அறியாதவர் ஒருவருமில்லை. ஆதலின், நானே கலங்கியிருக்கிறேன், பிறரை எப்படித் தேற்றுவேன் என்று நம்மில் எவரும் தயங்க வேண்டுவதில்லை.

புதுமைப்பித்தன் எழுப்பிய வினா

இவ்வளவும் கூறியபின் ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். சீதைக்கு அனுமன் தந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது? போர் முடிந்தது, இராவணன் வீழ்ந்தான், இராமனோ அவளைச் சுடுசொல் கூறி விலக்கினான், அவள் தீப்புகுந்தாள். சாப விமோசனம் என்னும் கதையில் புதுமைப்பித்தன் இவ்விடத்தைத்தான் தொட்டார். தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயால் கேட்ட அகலிகை, அக்கதையில் மீண்டும் கல்லாகிறாள். காச நோயால் நலிந்து, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இதே திருவனந்தபுரத்தில் கண்மூடிய அப்பெருங்கலைஞரின் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு சொல் எழுப்பிய உயிரை மற்றொரு சொல் கல்லாக்க முடியுமாயின், நம்பிக்கை ஊட்டுவது ஏமாற்றுவதாகாதா?

விடை கம்பரிடத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சீதையின் மூன்று அச்சங்களை மீண்டும் எண்ணுவோம். இராமன் வருவானா என்னும் முதல் அச்சத்திற்கு அனுமன் சான்று காட்டினான். இராமனின் துயரை எடுத்துரைத்து, அவர்கள் வெறுத்தார்களோ என்னும் இரண்டாவதையும் போக்கினான். உலகம் ஏற்குமா என்னும் மூன்றாவது அச்சத்தைத் தீர்க்கும் உறுதி எதனையும் அவன் வாக்களித்ததாகக் காணோம். அது அவன் கையில் இல்லை. தான் அறிந்ததை முழுதும் சொன்னான். அறியாததைச் சொல்லி அவளை மயக்கவில்லை. பின்னாளில் அவளைச் சுட்டது அனுமன் சொல்லன்று. தேற்றுவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. இன்பமான முடிவை எவராலும் வாக்களிக்க இயலாது. இன்றிரவைக் கடக்கவும், ஒரு திங்கள் பொறுக்கவும் போதுமான மெய்யான காரணம் ஒன்றைக் கொடுக்க இயலும்.

தூதன் வரும்வரை காத்திராமல் துயருற்றவர் தாமே குரல் கொடுக்கவும் இன்று வழி உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எப்பொழுதும் பேசலாம். நம் தெருவில் எவரேனும் மாதவிப் புதரை நோக்கி நடப்பதாகத் தோன்றினால், அவருக்கு அந்த எண்ணைச் சொல்வதும், அதனினும் முதலாக அவர் அருகே சென்று அமர்வதும் நம் கடன்.

இறுதியாக, மீட்சிப் படலத்து நிகழ்ச்சி ஒன்று. வெற்றிச் செய்தியோடு அசோகவனம் வந்த அனுமன், இத்தனை நாள் உன்னை வருத்திய அரக்கியரைக் கொல்ல ஆணை தருக என்று சீதையிடம் வேண்டுகிறான். அவர்கள் நடுங்கி அவளிடமே அடைக்கலம் புகுகின்றனர். ஏவலால் செய்தவர்கள்தாமே, மந்தரையைவிடவா இவர்கள் தீயவர் என்று கூறி, அவர்களுக்கு அபயம் அளிக்கிறாள் சீதை. தீப்புகுவதற்கு முன் நடந்தது இது. பின்னர் வந்த எச்சொல்லாலும் இதனை அழிக்க முடியவில்லை.

உயிர்விட நின்ற ஒரு பெண், தன்னை வருத்தியவர்க்கே புகலிடம் ஆனாள். அனுமன் தந்த தேறுதலின் விளைவை அளக்க விரும்புவோர் இராமனின் முகத்தை நோக்க வேண்டா. அவ்வரக்கியரின் முகங்களை நோக்குக.